கடைசி பஸ் எத்தினை மணிக்கு?

முல்லைத்தீவுக் கடலில் நீர் அள்ளி, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுபோய், அந்த உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்கு விசாகப் பொங்கல். வைகாசி பிறந்துவிட்டால் வன்னியில் இந்தப் பேச்சுத்தான். கிளிநொச்சி, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று எல்லாத் திசையிலிருந்தும் சனம் வரும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இந்தப் பொங்கலைக் கணக்கில் வைத்தே நடையைத் தொடங்குவது வழக்கம். நந்திக்கடல் ஓரத்தில், மற்ற நாட்களில் காற்றும் பனைமரமுமாகக் கிடக்கும் ஓர் ஊர், ஓர் இரவுக்கு நகரமாகிவிடும்.

இவ்வளவு சனத்தையும் கொண்டுவந்து சேர்ப்பதில் பெரும்பங்கு பஸ்களுக்கு உண்டு. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாலைகளும் தனியார் பஸ் உரிமையாளர்களும் பொங்கலுக்கென்று விசேட சேவைகளை விடுகிறார்கள். வன்னிப் பெருநிலப்பரப்பில் கடற்கரைப் பக்கம் போகும் பருவகால பஸ் சேவை என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனால் ஒரு பத்திரிகையை விரித்து, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ், திரும்பி வர எத்தனை மணிக்குப் பஸ் என்று தேடினால் பெரும்பாலும் கையில் அகப்படுவது வேறொரு செய்தி. மாவட்டச் செயலகத்தில் முன்னாயத்தக் கலந்துரையாடல் நடைபெற்றது. அரசாங்க அதிபர் தலைமை தாங்கினார். பொலிஸார், சுகாதாரப் பகுதியினர், மின்சார சபையினர், போக்குவரத்துச் சபையினர் கலந்துகொண்டனர். குடிநீர், பாதுகாப்பு, போக்குவரத்து ஆகியவை பற்றி ஆராயப்பட்டது. நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் படமும் இருக்கும். போக்குவரத்தைப் பற்றி என்ன ஆராய்ந்தார்கள் என்பது அந்த மேசையோடு நின்றுவிடும்.

கொண்டுபோகும் பஸ்ஸைப் பற்றிய கவலை யாருக்கும் பெரிதாக இல்லை. காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் எப்படியும் போய்ச் சேரலாம். கையில் பொங்கல் பானை, இடுப்பில் பிள்ளை, கூடவே நடக்க மாட்டாத அம்மம்மா என்று வந்த குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது திரும்பி வரும் பஸ்ஸின் நேரம். கோயில் வீதியை விட்டு வெளியே வந்து நிற்கிற எவரிடமும் கேட்டுப்பார்த்தால் பதில் இந்த மாதிரித்தான் வரும்:

“அண்ணை, கிளிநொச்சிக்குப் போற கடைசி பஸ் எத்தினை மணிக்கு?”

“பத்துக்கெண்டு சொல்லினம் தம்பி. சனம் நிண்டால் பிந்தியும் எடுப்பினம். எதுக்கும் அந்தச் சந்தியில நிண்டு பாரும்.”

இந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள்.

சனம் நிரம்பினால் எடுப்பது, நிரம்பாவிட்டால் காத்திருப்பது என்பது விசேட சேவையின் இயல்பு. அதற்காக நேரமே சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. இதே வட மாகாணத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கச்சதீவு அந்தோனியார் திருவிழா, மாசி–பங்குனியில் தவக்காலத்தோடு வருவது. இரண்டு நாள்தான். அதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பஸ், அங்கிருந்து படகு. திருவிழாவுக்கு முன்னரே பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் விபரம் வந்துவிடும்: அதிகாலை 4 மணியிலிருந்து பஸ்கள், எத்தனை மணிவரை ஓடும், முதற்படகு எப்போது, படகுக் கட்டணம் எவ்வளவு. ஓர் ஆள் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டு வெளிக்கிடலாம்.

கச்சதீவுக்குக் கிடைக்கும் இந்த வசதி வற்றாப்பளைக்கு ஏன் கிடைப்பதில்லை? பக்திக் கணக்கோ கூட்டக் கணக்கோ இதற்குக் காரணம் இல்லை. கூட்டம் வற்றாப்பளைக்குத்தான் பல மடங்கு. கச்சதீவு 1974 இந்திய–இலங்கை உடன்படிக்கையின் பின் இரு நாட்டு அரசியலிலும் பேசப்படும் இடம். இந்தியாவிலிருந்தும் பக்தர் வருகிறார்கள், கடற்படை படகுகளை எண்ணுகிறது, துணைத்தூதரகம் கவனிக்கிறது. ஆகவே பங்குபற்றுவோர் தொகை, படகு, நேரம் எல்லாமே அரசாங்கங்களுக்கே தேவைப்படும் தகவல்கள். அவை முன்கூட்டி எழுதப்படுகின்றன; எழுதப்பட்டவை செய்தியாகின்றன. இன்னொன்று, படகு ஏறுகிறவரைக் கரையில் எண்ணி ஏற்ற வேண்டும், தவறினால் உயிராபத்து. பஸ் தவறினால் சந்தியில் நிற்கலாம் என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு; ஏற்பாட்டாளர்களுக்கும் உண்டு.

வற்றாப்பளை ஏற்பாட்டில் கோயில் தன் பங்கைச் சரியாகச் செய்துவிடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாக்குத்தெண்டலோடு சடங்குகள் தொடங்கும். பிறகு தீர்த்தமெடுத்தல். அதற்கடுத்த திங்கள் பொங்கல். ஒவ்வொரு சடங்கும் அடுத்ததற்கான அறிவித்தல்தான். பாக்குத்தெண்டல் நடந்துவிட்டது என்று கேள்விப்பட்ட உடனேயே நெடுங்கேணியில் இருப்பவருக்கும் முழங்காவிலில் இருப்பவருக்கும் பொங்கல் என்றைக்கு என்பது தெரிந்துவிடும். கண்ணகி கதையில் மாட்டிடையச் சிறுவர்களிடம் கிழவியாக வந்தவள், விளக்கெரிக்க எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை எடுத்து எரிக்கச் சொன்னாள் என்பார்கள். அந்தக் கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவது போன்ற இந்தச் சடங்கு வரிசை, வாரக்கணக்கில் முன்னறிவித்தல் தரும் ஒரு விளம்பர ஏற்பாடாகவும் இருக்கிறது. பத்திரிகை இல்லாத காலத்திலேயே, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கிப் பொங்கிவிட்டுப் போன சனத்துக்காக வகுக்கப்பட்டது அது. மாட்டுவண்டிக்கு நேரசூசி தேவையில்லை. பஸ்ஸுக்குத் தேவை. அந்த ஒரு பகுதியைக் கோயிலின் முறை நிரப்ப முடியாது.

ஊடகத்தின் பக்கம் போனால் முதலில் முல்லைத்தீவு மாவட்டத்தின் அளவு கண்ணில் படும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். இலங்கையிலேயே ஆகக் குறைந்த சனத்தொகை கொண்ட மாவட்டம். கிளிநொச்சியில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம், வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம். மூன்றையும் கூட்டினாலும் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகைக்கு வராது. தமிழ்ப் பத்திரிகைகளின் ஆசிரியபீடங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. வன்னியிலிருந்து எழுதுகிறவர் பிரதேச நிருபர். மாதச் சம்பளம் என்று இல்லாமல், வெளிவரும் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுகிறவர்களே அவர்களில் அதிகம். ஒரு பஸ் நேரத்தை உறுதிப்படுத்த நான்கு பேருக்குத் தொலைபேசி எடுத்து, பாதி நாளைச் செலவழித்து, இரண்டு வரிச் செய்தி அனுப்பினால் அது வெளிவருமா என்பதும் தெரியாது. அதே நேரத்தில் ஒரு விபத்தோ, காணிப் பிரச்சினையோ, ஆர்ப்பாட்டமோ நடந்தால் அது முன்பக்கத்துக்குப் போகும். அவர் எதை எழுதுவார்?

ஒருவேளை எழுதினாலும் வெட்டு விழுவது கீழிருந்துதான். அரசாங்க அதிபரின் பெயர் முதற் பந்தியில், பஸ் நேரம் கடைசிப் பந்தியில். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசிப் பந்தி போய்விடும். 2022 பொருளாதார நெருக்கடியோடு இடம் இன்னும் சுருங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தவேண்டி வந்தது. பெரிய நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், வற்றாப்பளை பஸ்ஸுக்கு யார் நான்கு அங்குலம் ஒதுக்குவார்கள்? மரண அறிவித்தலுக்குப் பணம் கிடைக்கும், நினைவஞ்சலிக்குப் பணம் கிடைக்கும். பஸ் நேரத்துக்குப் பணம் கட்ட ஆளில்லை.

வன்னியில் பஸ் செய்தியே வருவதில்லை என்று சொன்னால் அது அநியாயம். நிறைய வருகிறது. வவுனியா புதிய பஸ் நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2017 ஜனவரியில் அது திறந்துவைக்கப்பட்டது. இலங்கைப் போக்குவரத்துச் சபையும் (இ.போ.ச.) தனியாரும் ஒரே இடத்திலிருந்து, ஒரே இணைந்த நேரசூசியில் ஓடவேண்டும் என்பது ஏற்பாடு. யாருக்கு எத்தனை முறை, 60க்கு 40 என்ற விகிதம் சரியா, பழைய நிலையத்தை விட்டுப் போவதா என்று இழுபறி ஓராண்டுக்கு நீண்டது. பணிப்புறக்கணிப்பு, முறுகல், பேச்சுவார்த்தை என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. அந்த எழுத்துக்கள் முழுவதையும் இன்று ஒருவர் உட்கார்ந்து வாசித்தால் நேரசூசிக்காக யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்பதை அறியலாம். அந்த நேரசூசியில் என்ன இருந்தது, முல்லைத்தீவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதை அறிவது கடினம்.

வட்டுவாகல் பாலமும் அப்படித்தான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் தாண்டி வட்டுவாகலில் தண்ணீரைக் கடக்கிறது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் சற்றுத் தள்ளிக் கடல். ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம் என்ற அகலம். எதிரே பஸ் வந்தால் மற்றது கரையில் நின்று வழிவிட வேண்டும். மாரியில் வெள்ளம் மேவினால் பாதை நின்றுபோகும். 2009 மே மாதத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் கடந்த பாலம் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டாலே பலருக்கு நெஞ்சு கனக்கும். புதிய பாலத்துக்கான வேலையை 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். அன்றைக்கு அங்கே வராத கமெரா இல்லை. அது செய்தியாகவேண்டியதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கிளிநொச்சியிலிருந்து வரும் பஸ் அந்தப் பாலத்தின் மேலால்தான் போகிறது. பாலத்துக்குக் கிடைத்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு அந்தப் பஸ்ஸுக்கு என்றாவது கிடைத்ததா?

திறப்பு விழா, அடிக்கல், சண்டை ஆகிய மூன்றும் செய்திக்குரியவை என்று ஊடகம் பழகிவிட்டது. ஒழுங்காக ஓடுகிற பஸ் எந்த வகைக்குள்ளும் அடங்காது.

இதில் போக்குவரத்துக்காரருக்கும் பங்கு உண்டு. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கித் தொடங்கப்பட்டது; பின்னர் பிராந்தியச் சபைகளாகப் பிரிந்து, 1979இல் தனியாருக்கு மீண்டும் வழிவிட்டு, 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மறுபடி ஒன்றானது. இந்த நெடுங்கதையில், பயணிக்கு நேரத்தைத் தெரியப்படுத்துவது யாருடைய வேலை என்பது தெளிவாகவே இல்லை. சாலை முகாமையாளருக்கு ஓடக்கூடிய பஸ்கள் எத்தனை, சாரதிகள் எத்தனை, டீசல் எவ்வளவு என்பவைதான் தலையிடி. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரக்கணிப்பாளரின் கொப்பியில் எல்லாம் இருக்கிறது. கம்பி அடித்த சின்ன யன்னலுக்குள்ளால் குனிந்து கேட்டால் அவர் சொல்லுவார். கொப்பி அவரோடுதான் இருக்கும். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் தகவலும் போய்விடும். தனியார் பஸ்களுக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையும், மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் அனுமதி கொடுக்க வேண்டும். திருவிழா நெருங்கிய பிறகு அனுமதி வந்தால், எந்தப் பஸ் எந்தப் பாதையில் என்பது உரிமையாளர்களுக்கே அப்போதுதான் தெரியும். எஞ்சியிருக்கும் ஒரே விளம்பரம், முன்கண்ணாடியில் ஒட்டிய கடதாசியும் மிதிபலகையில் நின்று “வற்றாப்பளை, வற்றாப்பளை” என்று கத்தும் கொண்டக்டரின் குரலும். அது ஏறப்போகிறவருக்குக் கேட்கும். வீட்டில் இருந்து யோசிக்கிறவருக்குக் கேட்காது.

வன்னிச் சனமும் அச்சடித்த நேரத்தை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டது. அதற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. ஏ9 வீதி 2002 ஏப்ரிலில் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009 போருக்குப் பிறகு கட்டம் கட்டமாகத் திறந்தது. பாதை இன்று உண்டா இல்லையா என்பதே கேள்வியாக இருந்த ஒரு தலைமுறைக்கு, 5.40 பஸ், 7.15 பஸ் என்ற பேச்சு அந்நியமானது. வந்தவரிடம் கேட்டு, போகிறவரிடம் சொல்லி அனுப்பித்தான் பயணம் நடந்தது. அந்தப் பழக்கம் சனத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அமைதிக் காலத்தில் அதுவே வேறு விதமாக வேலை செய்கிறது: ஊரில் ஆளைத் தெரிந்தவருக்குப் பஸ் கிடைக்கும், தெரியாதவருக்குக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பேரப்பிள்ளை, தென்பகுதியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் தாதி, கல்யாணமாகி இப்போதுதான் வவுனியாவுக்கு வந்த பெண் ஆகியோர் அந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் ஹயேஸ் வான் பிடிக்கிறார்கள், அல்லது போகாமல் விடுகிறார்கள்.

முகநூலும் வாட்ஸ்அப்பும் இதைத் தீர்த்துவிட்டன என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. செய்தி வேகமாகப் போகிறது, ஆண்டு இல்லாமல் போகிறது. ‘வரும் திங்கட்கிழமை விசேட பஸ் சேவை’ என்ற படம் ஒரு குழுவில் விழுந்தால் அது எந்தத் திங்கட்கிழமை என்று அனுப்பியவருக்கே தெரியாது. பொங்கல் நாள் ஆங்கில நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் நகரும். 2025இல் வைகாசி விசாகம் ஜூன் 9இல் வந்தது; வேறோர் ஆண்டில் மே மாதத்திலேயே முடிந்துவிடும். இப்படி நகரும் நாளுக்குப் பழைய அறிவித்தல் ஒன்று திரும்பி வந்தால் அது தகவல் இல்லாமையை விட மோசம்.

பொங்கலாவது ஊரறிந்த நாள். கடற்கரைக்குச் சும்மா போகிறவரின் நிலை இன்னும் கீழே. முல்லைத்தீவுக் கடலுக்கு இரண்டு முகம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றில் அலை அடித்துக் குமுறும். பங்குனி, சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கி, கரைவலைக்காரரின் காலம் வரும். பின்னேரங்களில் நகரக் கடற்கரையில் குடும்பங்கள் இருந்து கச்சான் கொறிக்கும். சித்திரை விடுமுறையும் ஓகஸ்ட் விடுமுறையும் இந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. மாரிக்காலத்தில் வேறு ஒரு கூட்டம் வரலாம்: வடக்கே சுண்டிக்குளம் 2015 ஜூனில் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது, பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் இறங்குவது மாரியில்தான். தெற்கே நாயாறும் கொக்கிளாய்க் களப்பும். ஆக, ஆண்டில் எந்தப் பருவத்திலும் வன்னிக் கரையில் போய்ப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. மாங்குளத்தில் இரயிலால் இறங்குகிற ஒருவர் ஏ34 வீதியால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் போனால் கடல். 2013இல் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கிய இரயிலின் நேரம் உலகத்துக்கே தெரியும். இரயிலால் இறங்கியவரைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பஸ்ஸின் நேரம் மாங்குளம் சந்திக் கடைக்காரருக்குத் தெரியும்.

கிழக்கில் அறுகம்பைக்கு இந்தச் சங்கடம் குறைவு. மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர், எந்தப் பஸ்ஸில் ஏறிப் பொத்துவிலில் இறங்குவது என்பதைத் தாங்களே எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து வருகிறவருக்கு அதுவே வழிகாட்டி. முல்லைத்தீவுக்கு அப்படி எழுதிவைக்க ஆள் வருவதில்லை. வருகிற நம்மவர் எழுதிவைப்பதில்லை.

தமிழ்நாட்டைப் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காணும் பொங்கலன்று மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் மாமல்லபுரத்துக்கும் சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகளை விடும். வேளாங்கண்ணிக்கு ஓகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டெம்பர் 8 வரை வெளியூர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் உண்டு. அறிவிப்பில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் இருக்கும், நேரம் இருக்காது. அங்கே அது போதும். ஒன்றைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் இன்னொன்று வரும். வன்னியில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் பொழுதே சாய்ந்துவிடக்கூடும். ஆகவே ‘போதிய பஸ்கள் சேவையில் ஈடுபடுத்தப்படும்’ என்ற வாக்கியம் சென்னையில் தகவல், முல்லைத்தீவில் ஆறுதல்.

நல்ல பாடம் கேரளத்தில் கிடைக்கிறது. அங்குள்ள அரச போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, 2021இல் குறைந்த செலவுச் சுற்றுலாவுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது சாலக்குடியிலிருந்து காட்டு வழியாக மலக்கப்பாறைக்குப் போகும் பாதை. பஸ் பழையது, பாதை பழையது. விடுமுறை நாளில் காலையில் போய் மாலையில் திரும்பலாம், கட்டணம் இவ்வளவு என்று தெளிவாகச் சொன்னதுதான் புதிது. சனம் ஏறியது, ஏறியவர்கள் படம் போட்டார்கள், மற்றச் சாலைகளும் இதைப் பின்பற்றின. காலியாகக் கிடந்த இருக்கைக்கு ஆள் வந்தது புதிய பஸ் வாங்கி அல்ல.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டனில் பிராங்க் பிக் என்பவர் இதைச் செய்து காட்டினார். 1908இல் நிலக்கீழ் ரயில் கம்பனியின் விளம்பரப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வேலைக்குப் போகிற கூட்டம் எப்படியும் ஏறும், விடுமுறை நாளில் காலியாக ஓடும் வண்டியை நிரப்புவது எப்படி என்று பார்த்தார். நல்ல ஓவியர்களைப் பிடித்து, நகருக்கு வெளியே உள்ள பசுமையான இடங்களைச் சுவரொட்டியாக வரையச் செய்தார். அதே நாட்டில் நேர்மாறான கதையும் உண்டு. வடக்கு யார்க்‌ஷயரின் மூர்ஸ் தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய கரையோரத்திலும் கோடைகாலத்தில் ஓடிய ‘மூர்ஸ்பஸ்’ சேவைக்குப் பூங்கா நிர்வாகம் 2013உடன் காசை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அந்தப் பஸ்ஸில் போய்வந்த சனமே ஒன்றுகூடி அதை மறுபடி ஓடவைத்தது. நேரசூசியை அச்சடித்து ஊர் ஊராக வைப்பதும் அவர்களே.

விலை உயர்ந்த தொழில்நுட்பம் தேவை என்று பயப்பட வேண்டியதில்லை. இன்று உலகெங்கும் தொலைபேசி வரைபடத்தில் பஸ் நேரம் காட்டுவதற்கு அடிப்படையான கோப்புமுறை, 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் நேரசூசியைக் கூகுளுக்குக் கொடுத்ததில் பிறந்தது. அடிப்படையில் அது சில அட்டவணைகள்தான். நேரக்கணிப்பாளரின் கொப்பியில் இருப்பதைத் தட்டச்சில் ஏற்றுவதற்கு மேல் அதில் மாயம் இல்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மூன்று இடத்துக் கொப்பிகளையும் படம் பிடித்து, திகதியோடு ஒரு பக்கத்தில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

பயணிக்குக் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இ.போ.ச.வுக்கு 1958 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. சபை பிறந்த ஆண்டையே இலக்கமாக வைத்திருக்கிறார்கள். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு 1955. இவை பெரும்பாலும் முறைப்பாட்டுக்குத்தான் பயன்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எந்தப் பிரசையும் ஒரு சாலையிடம் அதன் நேரசூசியை எழுத்தில் கேட்கலாம். கடலைப் பார்க்கப் போவதற்குத் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் எழுதி, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு நிருபரோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒருதரம் கேட்டு வாங்கி வெளியிட்டால் மற்ற எல்லோருக்கும் அது உதவும்.

அறிவித்தலைப் போடுவதற்கு இடம் தேடவும் வேண்டியதில்லை. வடக்கில் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு கலண்டர் தொங்குகிறது. புடைவைக்கடையோ நகைக்கடையோ கூட்டுறவுச் சங்கமோ கொடுத்தது. அதில் பொங்கல் நாள், தீர்த்தமெடுக்கும் நாள், கச்சதீவுத் திருவிழா நாள், மடுத் திருவிழா நாள் எல்லாம் முன்கூட்டியே அச்சாகியிருக்கின்றன. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே கடைக்கு வந்துவிடும் வாக்கிய பஞ்சாங்கத்திலும் கோயில் விழாக்கள் உண்டு. வற்றாப்பளைப் பொங்கல் என்றைக்கு என்று பஞ்சாங்கக் கணிப்பாளருக்கு மாதக்கணக்கில் முன்னரே தெரிகிறது. மாவட்டச் செயலகத்துக்கும் சாலைக்கும் தெரியும். முன்னாயத்தக் கூட்டத்தைப் பொங்கலுக்கு முதல் மாதம் வைக்காமல் தை மாதத்தில் வைத்து, போகும் முதல் பஸ், திரும்பும் கடைசி பஸ், ஏறும் இடம் என்ற மூன்றை மட்டும் முடிவு செய்துவிட்டால், கலண்டர் அடிக்கும் அச்சகத்துக்கு இல்லாவிட்டாலும் பஞ்சாங்கம் அடிக்கும் அச்சகத்துக்கு அந்த வரி நேரத்துக்குப் போய்ச் சேரும்.